பெருநாளுக்கு மறுநாள்

பினாங்கில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. முப்பத்தைந்து வருடமாக மனிதர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இது தெளிவா, முன்னால் போட்டது தெளிவா?" என்று கேட்டே காலம் ஓடிவிட்டது. எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். அதனால் ஒருவர் தன் கண்ணால் கண்டேன் என்று அடித்துச் சொன்னாலும் எனக்குச் சட்டென்று நம்பிக்கை வராது. அண்ணன் வீடு இருக்கும் புதுக்கடை என்ற ஊருக்குப் போன பயணத்தில் இந்தக் கெட்ட குணம் எனக்கு ரொம்பவே தேவைப்பட்டது.

போன காரியம் கல்யாணம். அண்ணன் மகள் நஸ்ரினுக்கு நிக்காஹ். போன வருடமே நடந்திருக்க வேண்டியது, அண்ணன் திடீரென்று இறந்துபோனதால் தள்ளிவைத்தார்கள். தகப்பனும் கூடப்பிறந்த ஆண்பிள்ளையும் இல்லாத பெண்ணுக்குத் தகப்பனின் தம்பிதான் பொறுப்பாளி. அவன் கொடுத்தால்தான் நிக்காஹ். எனக்குப் பதிலாக வேறு யாரையாவது நியமித்திருக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் நஸ்ரின் போனில், "சாச்சா, வாப்பா நிக்க வேண்டிய எடம். நீங்க வந்து நில்லுங்க" என்றாள். அதற்கு மேல் ஆள் அனுப்புவதைப் பற்றி எவனும் பேச முடியாது.

துக்கம் நடந்த வீடு என்பதால் பத்திரிகை அடிக்கவில்லை. இரண்டு வீட்டாரும் நாலு மாதத்துக்கு முன் போனில் பேசி முடித்த தேதி இது: பெருநாளுக்கு மறுநாள், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு. எல்லாருக்கும் இது போதுமான தேதியாகத் தெரிந்திருக்கிறது. நான் மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்ததால், "பெருநாள் என்றைக்கு?" என்று மதினியின் தம்பி ரியாஸிடம் கேட்டேன். "வியாழக்கிழமை மச்சான். இன்னும் பத்து வருசத்துப் பெருநாளும் இருக்கு, சொல்லவா?" என்றார். வெள்ளிக்கிழமை நிக்காஹ், சனிக்கிழமை காலையில் திரும்ப விமானம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. நோன்போடு விமானம் ஏறியவனுக்கு இந்தியா தந்த முதல் பரிசு ஒன்றரை மணி நேரக் கூடுதல் பசி. பினாங்கில் சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு சொல்லும்போது திருவனந்தபுரத்தில் வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. குடிநுழைவு வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "வடக்கே கண்டால் நமக்கும் பெருநாள்தான்" என்றார் ஒருவர். "வடக்கே இருப்பவர்களுக்குக் கண் கொஞ்சம் அவசரக் கண்" என்றார் மற்றவர். இவர்கள் வேறு ஏதோ விஷயம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே செல்வின் நின்றிருந்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். அவருடைய காரில் பின்பக்கத்து இடது கதவு உள்ளே இருந்து திறக்காது. "நான் வந்து தொறக்கணும், சாரே. பயப்படாண்டாம்" என்று சொல்லி என்னை அந்தப் பக்கமே ஏற்றினார். வலது பக்கத்து இருக்கையில் அவருடைய ஸ்டெப்னி டயர் உட்கார்ந்திருந்தது.

களியக்காவிளையில் பழம்பொரி வாசனை வண்டிக்குள் புகுந்தது. செல்வின் காரின் பின்னால் ஒளிந்து நின்று டீ குடித்துவிட்டு வந்தார். "சாருக்க முன்னால வச்சு குடிச்சா கர்த்தரே கேப்பாரு" என்றார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "சாருக்கு எந்தப் பெறையாக்கும்?" என்று கேட்டார்.

பிறையைக் கேட்கிறார் என்பது புரிந்தது, அதில் எந்தப் பிறை என்பதுதான் விளங்கவில்லை. எங்கள் ஊரில் அரச முத்திரை காக்கும் அதிகாரி தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்து, பெருநாள் இன்ன நாள் என்று வாசிப்பார். முடிந்தது விஷயம். எல்லாரும் பலகாரம் சுடப் போய்விடுவோம்.

"அப்பிடி ஒரே நாளா?" செல்வின் இரக்கத்தோடு தலையசைத்தார். "இங்க எனக்கு மூணு பெருநாளுக்கும் ஓட்டம் உண்டு, சாரே. மொத நாளு கணக்கு போட்டவங்க. மறுநாளு வெளிநாட்டுல கண்டா போதும்னு சொல்லுறவங்க. அதுக்கு மறுநாளு நம்ம கண்ணால காணணும்னு நிக்கவங்க. எங்க கிறிஸ்மஸு மட்டும் ஒரே நாளுல தீந்து போவுது."

நான் சிரித்தேன். நோன்பு திறக்கிற நேரத்துக்குப் புதுக்கடை வீட்டுக்குப் போய்ச் சேரும்வரைதான் சிரிக்க முடிந்தது.

மதினி வைத்த கஞ்சியில் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் மணத்தன. எங்கள் பினாங்குக் கஞ்சியில் இறைச்சி தூக்கலாக இருக்கும், இது வயிற்றைத் தடவிக்கொடுத்தது. இரண்டாவது கிண்ணத்தில் ரியாஸ், "நாளைக்கு ஒண்ணு பிடிச்சா நோன்பு முடிஞ்சுது மச்சான்" என்றார்.

"நாளைக்கு இருபத்தெட்டுதானே?"

"அது ஒங்களுக்கு. எங்களுக்கு இருபத்தொம்பது."

ரியாஸ் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். நிலா எந்த நொடியில் சூரியனைக் கடக்கிறது என்பதைக் கைப்பேசியில் காட்டினார். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் வாப்பா ஹபீப், மணவாளக்குறிச்சியிலிருந்து என்னிடம் நலம் விசாரிக்கப் போன் செய்தார். "பெருநாளு வெள்ளியோ சனியோ, பெறைய கண்டா தெரியும் சம்மந்தி. அதுக்கு மறுநா நம்ம நிக்காஹு" என்றார் சந்தோஷமாக.

வியாழன், வெள்ளி, சனி. மறுநாள் என்று பார்த்தால் வெள்ளி, சனி, ஞாயிறு. மதினியின் கையிலிருந்த கரண்டி கஞ்சிப் பானைக்குள் விழுந்தது. நான் சனிக்கிழமை காலையில் விமானம் ஏற வேண்டும். மாப்பிள்ளை அனீஸும் அதே காலையில் ஷார்ஜாவுக்குப் போக வேண்டும். அவனுடைய கம்பெனிக்குப் பெருநாள் விடுமுறை அந்த நாட்டுப் பிறைப்படி. சனிக்கிழமை சாயங்காலம் வேலையில் நிற்காவிட்டால் வேலை போகும். அடுத்த லீவு ஒன்றரை வருடம் கழித்து. ஒருமுறை தள்ளிப்போன நிக்காஹ். நஸ்ரின் பானைக்குள் கைவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

புதன்கிழமை. ரியாஸும் நானும் செல்வின் காரில் மணவாளக்குறிச்சிக்குப் போனோம். வழியில் டயர் பஞ்சர். இருக்கையில் உட்கார்ந்து வந்த ஸ்டெப்னி இறங்கி வேலை பார்த்தது, பஞ்சரான டயர் சேறோடு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. சம்பந்தி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்த வேட்டியின் கோலத்தைச் சொல்லாமல் விடுகிறேன்.

ஹபீப் வாசலிலேயே நின்று கை நீட்டினார். என் கை இருந்த இடத்துக்கு நாலு விரற்கடை இடது பக்கமாக நீட்டினார். நான் என் கையைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். உட்கார்ந்ததும் தொழில் புத்தி வேலை செய்தது. வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, இடது கண்ணில் பாதி. இவர்தான் இருபத்திரண்டு வருடமாக அந்த ஊர் பிறைக் கமிட்டியில் இருக்கிறார்.

மெதுவாக, "ஆபரேஷன் செய்யலாமே சம்பந்தி, ஒரு காலை வேலைதான்" என்றேன்.

"செய்யலாம். கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்குல ஒரு லென்சு வைப்பாவளாமே. அது வழியா பெறைய கண்டா, அது நான் கண்டதா, லென்சு கண்டதா? அதாக்கும் எனக்க சந்தேகம்." மார்க்கம் படித்த மூன்று ஆலிம்களிடம் கேட்டிருக்கிறார். கண்ணாடி போட்டுப் பார்ப்பதைப் போலத்தான், தாராளமாகக் கூடும் என்றார் முதலாமவர். கண்ணாடியே கூடுமா என்று யோசிக்க வேண்டும் என்றார் இரண்டாமவர். மூன்றாமவர், எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று திருப்பிக் கேட்டாராம், அவருக்கும் புரை.

பேச்சு ஆரம்பமானது. ஹபீப் சொன்னார், "பெறைய கண்டு நோன்பு பிடிக்கணும், பெறைய கண்டு விடணும். நபி சொன்னது அவ்வளவுதான். இதுக்குள்ள கணக்கு எங்கலே வருது?"

"அந்தக் காலத்துல கண்ண விட்டா வேற வழி இல்ல காக்கா. அதுனால கண்ணச் சொன்னாவ" என்றார் ரியாஸ். "தொழுகைக்கு நேரம் எப்பிடிப் பாக்கிய? குச்சி நட்டு நெழலு அளக்கியளா? செவத்துல கடிகாரம் தூங்குதுல்லா?"

ஹபீப் சுவரைப் பார்த்தார். கடிகாரம் நின்று எத்தனை நாளாயிற்றோ, மணி நாலு பத்தாகவே இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"சூரியனும் சந்திரனும் ஒரு கணக்குலதான் ஓடுதுன்னு வேதத்துலயே உண்டு" என்று ரியாஸ் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார்.

"அது கணக்குல ஓடட்டும். நீ எதுக்கு அதுக்க முன்னால ஓடுத?"

அனீஸ் ஒரு மூலையில் நின்றான். முப்பது வயதுப் பையனுக்கு முகத்தில் பரீட்சை எழுதுகிறவனின் களை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. ஆனால் ஹபீப் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

"மக்கா, நீ சொல்லுற கணக்கு படிச்சவனுக்கு உள்ளது. பெறை அப்பிடியா? வள்ளத்துல போறவனும் பாக்கலாம், ஒன்ன மாதிரி வாத்தியாரும் பாக்கலாம். யாரும் யாருகிட்டயும் போயி கேக்காண்டாம். மார்க்கத்தைக் கொண்டு ஒருத்தனுக்க கம்ப்யூட்டருக்குள்ள பூட்டியிராண்டாம்னுதான் நான் சொல்லுதேன்."

ரியாஸ் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். கடைசியில் ஹபீப் ஒரு படி இறங்கி வந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் பிறை பார்ப்பார்கள். கண்டால் வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பெருநாள், மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே நிக்காஹை நடத்திவிடலாம். காணாவிட்டால் வெள்ளிக்கிழமை முப்பதாம் நோன்பு. "ரமலான்ல கல்யாணம் எங்க குடும்பத்துல நடந்ததே இல்ல சம்மந்தி. நோன்பாளிய பட்டினி போட்டு மாப்பிள்ளை ஊர்வலமா? அது மட்டும் நடக்காது."

ஆக, என் அண்ணன் மகளின் வாழ்க்கை ஒரு மேகத்தின் கையில் போய் நின்றது.

வியாழக்கிழமை. எங்களுக்குப் பெருநாள். ஒரு தென்னந்தோப்பில் ஓலைப்பாய் விரித்து ஐம்பது, அறுபது பேர் தொழுதோம். தோப்புக்கு வெளியே சாலையில் நோன்பு பிடித்த முஸ்லிம்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் புதுச்சட்டைகளைப் பார்த்து ஒருவர் பைக்கை நிறுத்தி சலாம் சொன்னார். "ஈத் முபாரக்" என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்லாமலே போனார்.

வீட்டில் மதினி அடுக்களை ஜன்னல்களை எல்லாம் இழுத்து அடைத்துவிட்டு வெங்காயம் வதக்கினாள். அடுத்த வீட்டில் நோன்பு. வாசனை போனால் பாவம் என்றாள். புகையில் எல்லாருக்கும் கண்ணீர் வடிந்தது. அரிசிப் பத்திரியும் இறைச்சிக் கறியும் இலையில் விழுந்தபோது என் கை தயங்கியது. நான் பிடித்தது இருபத்தெட்டு நோன்பு. இருபத்தெட்டு நாளில் மாதம் முடிந்த முஸ்லிம் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருக்கும் ஊரோடு சேர்ந்து பெருநாள் கொண்டாடிவிட்டு, குறையும் ஒன்றைப் பிறகு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ரியாஸ் சட்டம் சொன்னார். இந்த ஊரில் எந்த ஊரோடு என்று கேட்க நினைத்தேன், கறி ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

நஸ்ரின் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் மார்க்கத்தப் பாக்குதாவ. நல்லதுதான். நமக்கு லேசானதத்தான் அல்லாஹ் நாடுதான், கஷ்டத்த நாடல்லன்னும் வேதத்துல இருக்குல்லா சாச்சா? நோன்பப் பத்தி சொல்லுற அதே எடத்துலதான் இருக்கு. அந்த வரி வரும்போ மட்டும் ரெண்டு பேரும் வேகமா ஓதிட்டுப் போயிருதாவ."

"உனக்கு எந்தப் பிறை சரி?"

"எந்தப் பெறையானாலும் சரி. இனி ஒண்ணர வருசம் காத்திருக்க மட்டும் என்னால ஒக்காது."  அண்ணன் இருந்திருந்தால் இரண்டு பேரையும் சத்தம் போட்டே ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருப்பான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குக் கிளம்பியபோது மதினியும் நஸ்ரினும் தாங்களும் வருவதாக நின்றார்கள். கல்யாணப் பெண் கடற்கரைக்கா என்று ரியாஸ் கேட்டார். "எனக்க கல்யாணத்துக்குப் பெறை பாக்கப் போறிய, நான் வராண்டாமா?" என்றாள். டயரை டிக்கியில் திணித்துக் கட்டிவிட்டு அவர்களை ஏற்றினார் செல்வின். இடது பக்கம் நஸ்ரின்.

அந்த மணல் கறுப்பு. கால் வைத்தால் வெந்நீர் போலச் சுட்டது. தாதுமணல் பிரிக்கும் ஆலைப் பக்கமிருந்து காற்று வந்தது. ஹபீபும் கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் அனீஸும் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு உதடு காய்ந்திருந்தது. நானும் ரியாஸும் அத்தர் மணக்க, வயிறு நிறைய இறைச்சியோடு போய் நின்றோம். எனக்கு ஏப்பம் வந்தது. வாயை மூடிக்கொண்டு விழுங்கினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர் நான் மன்றாடி துஆ கேட்பதாக நினைத்து, "ஆமீன்" என்றார்.

மேற்கே மேகம். சூரியன் அதற்குள்ளேயே இறங்கியது. பாங்கு சொன்னார்கள், நோன்பு திறந்தார்கள். எல்லாரும் பேரீச்சம்பழக் கொட்டையை வாயில் வைத்துக்கொண்டே வானத்தைப் பார்த்தோம். பிறையைக் கண்ணால் காணத் தேவையே இல்லை என்று பதினைந்து வருடமாக வாதாடும் ரியாஸ் பைனாகுலரோடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். கண்ணால்தான் காண வேண்டும் என்று வாதாடும் ஹபீப் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாரு மக்கா, நல்லா பாரு" என்றார். அனீஸ் மட்டும் வானத்தைவிட அதிகமாக, நஸ்ரினும் மதினியும் உட்கார்ந்திருந்த காரைப் பார்த்தான்.

"சாரே! அன்னா நிக்கி!"

காரில் சாய்ந்து நின்ற செல்வின் கத்தினார். எல்லாரும் அவர் விரலைப் பார்த்தோம், பிறகு விரல் காட்டிய இடத்தைப் பார்த்தோம். மேகம் மூடிவிட்டது.

"கண்டேன் சாரே. நூலு போல. ஒரு கண்ணடிக்கிற நேரம்."

கமிட்டி அவசரமாகக் கூடியது. செல்வின் நல்ல மனிதர் என்பதில் ஐந்து பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. "அவனுக்க கண்ணுல எனக்கு சந்தேகமே இல்ல" என்றார் ஹபீப் வருத்தமாக. "ஆனா சாட்சி சொல்லுறவன் அந்த நோன்புக்கு உள்ளவனா இருக்கணும். நாளைக்குப் பிசகு வந்தா அவனுக்கும் நோன்பு போவணும்லா?"

"நான் வேணும்னா சத்தியம் பண்ணுதேன், எதுல கை வைக்கணும்?" என்றார் செல்வின். எதில் வைப்பது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவரே யோசித்து, "இல்ல, வேண்டாம். ஒரு ஊரே நோன்ப விட்டா எங்க பாஸ்டர் என்னக் கேப்பாரு" என்று பின்வாங்கினார்.

இப்போது எல்லாக் கண்களும் ரியாஸ் பக்கம் திரும்பின. அதே திசையில், அதே நேரத்தில் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கமிட்டியில் இளையவர் ஒருவர், "பைனாகுலரெல்லாம் பரவால்ல, கண்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றார். ஹபீப் ரியாஸுக்கு மிக அருகில் போய் நின்றார்.

"மக்கா, நீ கண்டியா? இல்ல, ஒனக்குத் தெரிஞ்சதுனால சொல்லுவியா?"

என் கடையில் நான் தினமும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடுகிற கேள்வி அது. ஒரு வார்த்தை. சொன்னால் நாளைக்கு நிக்காஹ். ரியாஸுக்கு நிலா அங்கேதான் இருக்கிறது என்பது நொடி சுத்தமாகத் தெரியும், பொய் சொல்வதாகவும் ஆகாது. காருக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவர் தோளில் தூக்கி வளர்த்தவர். சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன், வெட்கமில்லாமல்.

ரியாஸ் பைனாகுலரைக் கழற்றினார். "வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது காக்கா. மேகத்துக்க ஓரமாவும் இருக்கலாம். பெறை அங்க உண்டு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா கண்டேன்னு சொல்ல ஒக்காது."

 ஹபீப் அவர் தோளில் கையை வைத்தார். பிறகு, "அப்போ முப்பது பூர்த்தி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அப்போதுதான் கார்க் கண்ணாடியை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. நஸ்ரின். கதவு உள்ளே இருந்து திறக்காது. செல்வின் பதறி ஓடுவதற்குள் பக்கத்தில் போய்விட்ட ஹபீப் தடவித் தடவிப் பிடியைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டார். வருங்கால மருமகள் இறங்கி அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? இப்போ மக்ரிபு ஆச்சு. இது என்ன ராவு?"

"வெள்ளி ராவு" என்றார் ஹபீப் யோசிக்காமலே. எங்கள் கணக்கில் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடும். வியாழக்கிழமை இரவை வெள்ளி ராவு என்றுதான் சொல்வோம்.

"அப்போ நாளைக்கு இதே நேரம்?"

"சனி ராவு..." ஹபீபின் வாய் அப்படியே நின்றது.

"நாளைக்கு மக்ரிபோட ஒங்களுக்கும் முப்பது முடியுது. அப்பொறம் பெறைய காணவும் வேண்டாம். பெருநாள் ராவு. ரமலான் இல்ல, நோன்பும் இல்ல. ரெண்டு வீட்டுக்காரங்களும் சேந்து சோறு தின்னலாம். எனக்க நிக்காஹ அப்போ வச்சா என்ன?"

நான் வானத்தைப் பார்த்தேன். இத்தனை பெரிய மனிதர்கள் மூன்று நாளாகப் பிறையைப் பற்றி வாதாடியிருக்கிறோம். எல்லாரும் கணக்குப் போட்டது மட்டும் சுவரில் தொங்கும் இங்கிலீஷ் காலண்டரில். நாள் நள்ளிரவில் முடிகிறது என்று நம்பியவர்களில் ஹபீபும் ஒருவர்.

அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார். "ரமலான்ல வைக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? பெருநாள் ராவுல வைக்க மாட்டேன்னு நான் சொல்லல்லியே?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். சொல்லவே இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சாட்சி சொன்னோம். அனீஸ் சிரித்ததை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை. புதுக்கடை வீட்டு முற்றத்தில் பந்தல். எனக்குக் குறைந்த ஒரு நோன்பை அன்றைக்கே பிடித்துத் தீர்த்துவிட முடிவு செய்திருந்தேன். பிரியாணி தம்முக்குப் போகும் நேரத்தில் சமையல்காரர் கரண்டியோடு வந்தார். அவருக்கும் நோன்பு, உப்புப் பார்க்க ஆள் வேண்டும். "ரியாஸ் சாருக்குத்தான் பெருநாளு முடிஞ்சாச்சே, ஒரு வா பாருங்க" என்றார்.

ரியாஸ் பின்னால் நகர்ந்தார். "எனக்கும் நோன்பாக்கும்."

"இதென்ன நோன்பு?"

"பெருநாளுக்குப் பொறவு பிடிக்கிற ஆறு நோன்புல மொதலாவது."

சமையல்காரர் என்னிடம் வந்தார், நான் தலையை ஆட்டினேன். மதினி, நஸ்ரின், ஜமாத் செயலாளர், எல்லாரும் ஏதோ ஒரு பெயரில் நோன்பு. கடைசியில் செல்வினைக் கூப்பிட்டார்கள். அவர் வாயில் போட்டு, கண்ணை மூடி, பாட்டுக்குழுவில் சுருதி பார்ப்பவரைப் போல நின்றார். "ஒரு பிடி உப்பு போடணும்" என்றார். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்து இறங்கிய ஹபீப் அதைக் கேட்டு, "செல்வின் சொன்னா சரியா இருக்கும், போடு" என்றார்.

பாங்கு சொன்னதும் ஹபீப் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். பக்கத்தில் ரியாஸும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றதைக் கிட்டத்தில் பார்த்துவிட்டார். "நீ எதுக்குலே காத்து நிக்க?" ரியாஸ் காரணத்தைச் சொன்னார். ஹபீப் தன் கையிலிருந்த பழத்தை ரியாஸின் வாயில் வைத்துவிட்டு, அவர் கையிலிருந்ததை வாங்கித் தான் தின்றார்.

தொழுகை முடிந்து, அண்ணன் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்து அனீஸின் கையைப் பிடித்தேன்.  மூன்றாவது தடவைதான் 'கொடுத்தேன்' என்ற வார்த்தை முழுதாக வந்தது. செயலாளர் நிக்காஹ் பதிவேட்டைத் திறந்தார். அதில் ஹிஜ்ரி தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. பேனாவைத் தூக்கிக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். ஹபீப் கணக்கில் ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதம் ஒன்று. ரியாஸ் கணக்கில் மூன்று. செல்வின் சொன்ன கூட்டத்தில் மூன்றாவது ஆள் யாராவது இருந்திருந்தால் இரண்டு என்று சொல்லியிருப்பார்.

"மாசத்த எழுது. அதுல தகராறு இல்ல" என்றார் ஹபீப். ஷவ்வால் என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டார்கள். நஸ்ரின் கையெழுத்துப் போட்டாள். அந்த இடம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

பந்தலுக்கு வெளியே வந்தேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மேற்கே தென்னைக்கு மேலே பிறை, எந்தக் குருடனுக்கும் தெரியும் அளவுக்கு, நன்றாக விளைந்து நின்றது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பிரியாணியில் இருந்தார்கள். ஹபீப் மட்டும் என் பின்னால் வந்து, ரியாஸையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முகத்தை மேலே தூக்கினார். அவர் பார்த்த திசை கொஞ்சம் விலகியிருந்தது.

"தெரியுதா மக்கா?"

"தெரியுது காக்கா."

"கண்டியா?"

"கண்டேன்."

ஹபீப் இரண்டு கைகளையும் ஏந்திப் பிறைக்கான துஆவை ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சம்மந்தி, அந்த ஆப்ரேஷன் ஒரு காலை வேலைதான்னு சொன்னியள்லா? அடுத்த ரமலானுக்கு முந்தி செஞ்சிரணும்" என்றார். பிறகு ரியாஸின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அதுவரைக்கும் நீ பாத்துச் சொல்லு."